பதினோரு பாட்டுக்கு ஒரு மைக்

கழுத்தில் இருக்கும் கட்டியால் இப்போதைக்கு ஆபத்து ஒன்றுமில்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது, அடுத்த வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எல்லாம் சொல்லி முடித்து, பேனாவை மூடும்போதுதான் அதைச் சொன்னார்.

"குரல் நரம்பு பக்கத்துலயே போகுது. நூத்துல ஒருத்தருக்குக் குரல் கொஞ்சம் மாறலாம். சொல்லணும்கிறது எங்க கடமை, அதனால சொல்றேன்."

அக்கா படி இறங்குவதற்குள் அதை மறந்துவிட்டாள். தைக்க வேண்டிய பள்ளிச் சட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். கூடப் போயிருந்த சின்னவளுக்குத்தான் அந்த நிமிடத்திலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மிச்சம் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அந்த ஒருத்தி தன் அக்காதான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

சின்னவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஆறு வருஷமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். பதினோரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் கீபோர்டு வாசித்து லேப்டாப்பில் ஏற்றியும் வைத்திருந்தாள். பாட வேண்டியது அக்கா. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் பாடுவதைக் கேட்டுத்தான் அந்த மெட்டுகளே பிறந்தன. ஆனால் பதிவு மட்டும் ஆகவில்லை. நல்ல மைக் ஒன்று வாங்கிவிட்டுச் செய்யலாம் என்று இருந்தாள்.

அந்த நல்ல மைக்கைத்தான் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கையில் இருக்கிற காசுக்குள் வர வேண்டும், சத்தமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு வீடியோவில் ஒருவர் இதுதான் என்று அடித்துச் சொல்வார். மறுநாள் இன்னொருவர் அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்பார். மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கிற பெட்டியிலேயே முப்பது வகை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

"மாப்பிள்ளை பார்த்தப்பகூட நீ இவ்வளவு விசாரிக்கலையே," என்றான் வேன் ஓட்டுகிற அவள் கணவன்.

"அதனாலதான் இப்ப விசாரிக்கிறேன்."

அவன் சிரித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை காலை மைக் விற்கிற கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். ஷட்டரைத் தூக்கிய கடைக்காரரிடம், மூச்சு விடாமல் நோட்டில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தாள். அவர் முழுசும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த ரூம்ல வச்சுப் பாடப் போறாங்க?"

அதை அவள் நோட்டில் எழுதியிருக்கவில்லை. டைல்ஸ் போட்ட அறை, ஒரு ஜன்னல், கீழே வெல்டிங் பட்டறை என்று யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"அப்போ இதை எடுத்துக்கங்க மேடம்." இரும்புக் கம்பி வலையுடன் தடியாக இருந்த ஒரு மைக்கை எடுத்து வைத்தார். "டைனமிக். வாய்கிட்ட இருக்கிறதை மட்டும்தான் வாங்கும். விலையும் கம்மி."

விலை கம்மி என்றதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொதுக்கூட்டத்தில் பேசுகிறவர்கள் கையில் இதைத்தானே பார்த்திருக்கிறோம்? அக்காவின் குரலுக்கு இதுவா? பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கண்டென்சர் மைக் வெள்ளியாக மின்னியது.

"அது ரொம்ப நுணுக்கமானது," என்றார் கடைக்காரர். "ஊசி விழுந்தாலும் கேக்கும்."

"எனக்கு அதான் வேணும்."

அவர் பெட்டியைத் திறந்து அதையே எடுத்துக் கொடுத்தார். ஏழு நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லின் மூலையில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். சின்னவள் ஜன்னலைச் சாத்தி, சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தியிருந்தாள். ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டதும் அக்கா முதல் வரியைப் பாடினாள். குரல் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக வந்ததில் சின்னவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே, குரலுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் உறுமியது.

அதை நிறுத்தினாள். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அது அடங்கியதும் கீழே பட்டறையில் கிரைண்டர் கத்தியது. ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கு என்ன வேலையோ! கடைக்காரர் சொன்ன ஊசி மட்டும்தான் விழவில்லை, மற்ற எல்லாம் கேட்டது.

"அக்கா, கையை ஆட்டாத. வளையல் சத்தம் வருது."

"என் வளையல் என்னைவிட நல்லாத்தான் பாடுது, விடேன்," என்று கழற்றி வைத்தாள் அக்கா.

ஏழாவது தடவை வரைக்கும் சிரிப்பு இருந்தது. பத்தாவது தடவையில் அக்காவின் முதுகெல்லாம் வியர்வை. பதினாலாவதில் பாதி வரியில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால், சின்னவள் அவளைப் பார்க்கவே இல்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை, அக்கா. இப்ப தண்ணிக் குழாய்ல ஏதோ சத்தம்."

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள்.

"நீ என் பாட்டைக் கேக்கவே இல்லடி. என் பின்னாடி என்ன சத்தம் வருதுன்னுதான் கேட்டுட்டிருக்க."

"வியாழக்கிழமை ஆபரேஷன், அக்கா. அதுக்குள்ள..."

"அதுக்குள்ள என்ன? நான் செத்தா போகப் போறேன்?"

சொல்லிவிட்டு அவளுக்கே முகம் மாறிவிட்டது. அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது, படி இறங்குவதற்குள் அக்கா எதையும் மறந்திருக்கவில்லை என்று. சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை கண்ணாடிக் கடையில் சின்னவள் இரண்டு லென்ஸைத் தப்பாகத் தேய்த்து முதலாளியிடம் திட்டு வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு அதை வாங்கிய கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. டைனமிக் மைக்கை மாட்டி, ஹெட்போனை அவள் காதில் வைத்து, கடைக் கதவை அகலத் திறந்துவிட்டார். தெருவில் லாரி போனது. எங்கேயோ தூரத்தில் போகிறது போலத்தான் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர் எண்ணியது மட்டும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

"அந்த மைக் அளவுக்குப் பளபளன்னு இருக்காது," என்றார். "ஆனா பாட்டு இருக்கும்."

மிச்சக் காசில் ஒரு ஸ்டாண்டும் நல்ல கேபிளும் வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அக்காவை அழைக்கத் தைரியம் வரவில்லை. லீவு சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டி, மூன்று தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டுக்குத் தானே போனாள். முன்னறை முழுக்கச் சீருடைத் துணி. சுவரோரம் ஆள் உயரத்துக்குக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. நடுவில் மெஷின். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"இன்னும் நாலு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்கணும். அட்மிட் ஆகிறதுக்கு முன்னாடி கொடுத்தாகணும்."

"நீ எடு. நான் இருக்கேன்."

துணி வெட்டுகிற மேஜையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்தாள். ஸ்டாண்டை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரு சட்டை முடிந்தது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஹெட்போனுக்குக் கையை நீட்டினாள்.

அத்தனை துணியும் எதிரொலியை விழுங்கிக்கொண்டது. வெளியே ஒரு ஹாரன் அடித்தது, லேசாகப் பதிந்தது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் அக்கா அடுத்த சட்டையை எடுத்துவிட்டாள். சட்டைக்கு ஒரு பாட்டு. நாலாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டாள்.

"அக்கா, அது மட்டும் திரும்ப..."

"சட்டை தீர்ந்துபோச்சு. தைச்சதை வாங்கிட்டுப் போக ஆள் வந்தாச்சு பாரு."

வாசலில் நிஜமாகவே ஆள் நின்றிருந்தார். பதினொன்றில் நாலுதான் ஆயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்று வாரம் அக்காவுக்குக் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். சின்னவள் தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தாள். பதிவு செய்த பாட்டைத் திறக்க மட்டும் பயம். திறந்தால் அக்காவின் குரல் இனி அதில்தான் என்று ஆகிவிடுமோ என்று தோன்றியது. லேப்டாப்பை எடுப்பாள், வைப்பாள், வீட்டைப் பெருக்குவாள், மறுபடி எடுப்பாள்.

நாலாவது வாரம் குரல் வந்தது. பேச்சில் குறை தெரியவில்லை. பாடிப் பார்த்தபோது மேலே போகிற இடத்தில் உடைந்தது. ஆறு மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஒரு நாள் மத்தியானம் அக்காவே கேட்டாள். "அந்த நாலையும் போடு."

சட்டைக் கையை மடித்துத் தைத்துக்கொண்டே கேட்டாள். சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டில் அக்காவின் கை ஒரு கணம் நின்றது, பிறகு ஓடியது. கண் கலங்கியதா என்றால், குனிந்திருந்ததால் தெரியவில்லை.

"மூணாவதுல மூச்சு வாங்குறேன்," என்றாள் முடிவில். "மத்தபடி நல்லாத்தான் இருக்கு. மிச்சம் ஏழு என்ன ஆச்சு?"

"எல்லாம் அஞ்சு கட்டைச் சுருதில போட்டது, அக்கா. இப்ப உனக்கு..."

"எட்டாது. தெரியுது. மூணு கட்டைக்கு இறக்கிப் போடேன். மெட்டு என்ன கோவிச்சுக்கவா போகுது?"

சின்னவள் கீபோர்டை எடுத்துவந்து அன்றைக்கே ஐந்தாவது பாட்டைக் கீழே இறக்கி வாசித்தாள். தாழ்ந்த குரலுக்கு மைக் வாய்க்கு அவ்வளவு அருகில் இருந்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் மொத்தையாக ஒலித்தது. ஒரு சாண் தள்ளி வைத்தாள். அப்போது சத்தம் போதவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள், மறுபடி பின்னால்.

"என்னடி, திரும்ப ஆரம்பிச்சுட்டியா?"

"ஒரே நிமிஷம்."

"ஒரு நிமிஷம்தான். அப்புறம் நான் மெஷினை மிதிக்கப் போயிடுவேன்."

சின்னவள் இன்னும் ஒரு விரல் அளவு தள்ளி வைத்தாள். போதுமா என்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தினாள். அக்கா கண்ணை மூடி, முன்பு இல்லாத ஒரு கரகரப்போடு, கீழேயிருந்து பாட்டைத் தொடங்கினாள்.