துடைத்த தட்டு

சபாத்தீனோவின் நெஞ்சைப் பிளந்து சரிசெய்து வீட்டுக்கு அனுப்பியபோது, டாக்டர் அவன் மனைவி ஏர்சீலியாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கொழுப்பும் உப்பும் இனி ஆகவே ஆகாது. கனம் எதையும் தூக்கக் கூடாது. இன்னொரு தடவை அடைத்துக்கொண்டால் திறந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது.

ஏர்சீலியா தலையாட்டிக்கொண்டு வந்தாள். கனம் தூக்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். சபாத்தீனோ பஸ் ஓட்டிய காலத்திலேயே வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தியதில்லை. கஷ்டம் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது.

நேப்பிள்ஸில் அவர்கள் சந்தில் ஞாயிறு என்றால் பிராச்சோலா. மாட்டுத் தொடைக்கறியைக் கைக்குட்டை போல மெல்லிசாக அடித்து விரித்து, பன்றிக்கொழுப்பு, பூண்டு, பார்ஸ்லித் தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை, உப்புக் கரிக்கும் ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, தக்காளிக் குழம்பில் அரைநாள் கிடத்துவார்கள். குழம்பு முதலில் மக்ரோனிக்குப் போகும், கறி அப்புறம் வரும். கடைசியில் ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துத் தின்பார்கள். துடைக்காமல் எழுந்தால் சமைத்தவளை அவமானப்படுத்தியதாக அர்த்தம்.

முதல் ஞாயிறு ஏர்சீலியா கொழுப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பழையபடி செய்தாள். கறி தோல் மாதிரி இறுகிவிட்டது. பூரணம் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. சபாத்தீனோ ஒரு வாய் மென்றான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், சாமான் ஏற்றி இறக்கும் கயிற்றுக் கூடையில் பிராச்சோலாவைப் போட்டுச் சந்துக்குள் இறக்கினான்.

"அக்கா! ஏ டிட்டீனா அக்கா! வெளிய வா! உன் தம்பி பொண்டாட்டி செருப்பைச் சுருட்டி நூல் கட்டி வச்சிருக்கா, பாரு!"

எதிர்வீட்டு மாடியில் டிட்டீனா வந்து நின்றாள். புருஷனை இழந்தவள், தம்பியைத் தவிர வேறு யாருமில்லாதவள். "நாய்க்குப் போடுடா, பாவம்!" என்றாள்.

கீழே ஒரு நாய் கூடைக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

"நாயே வேணாங்குது!" என்று சபாத்தீனோ கத்தினான். சந்து முழுக்கச் சிரித்தது. உள்ளே வந்து, "அடுத்த ஞாயிறும் இந்தக் கருமம்தான்னா அக்கா வீட்டுல சாப்பிட்டுக்கறேன்" என்றான்.

டிட்டீனா வீட்டில் கொழுப்பைக் கரண்டியால் அள்ளிப் போடுவார்கள். அங்கே போனால் எத்தனை ஞாயிறு தாங்குவான் என்று ஏர்சீலியா கணக்குப் போட்டுப் பார்க்கப் பயந்தாள்.

அழுதுமுடித்தபின் அவள் யோசித்தாள். பிராச்சோலாவுக்குள் கொழுப்பு என்னதான் வேலை செய்கிறது? உருகும்போது பூண்டு, பார்ஸ்லி வாசனையைத் தூக்கிக்கொண்டு கறிக்குள் இறங்குகிறது. உதிர்வதைப் பிடித்துவைக்கிறது. இதற்கெல்லாம் மாற்று கிடைக்கும். வெங்காயத்தைத் துளித் தண்ணீரில், ரொம்பச் சின்னத் தீயில் வதக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் அது கூழாகி வழவழக்கும், வாசனையையும் ஏந்திக்கொள்ளும். பாலில் ஊறிய ரொட்டி பூரணத்தைப் பிடித்துக்கொள்ளும். சீஸைச் சிட்டிகையாகக் குறைத்துவிட்டுத் திராட்சையை வினிகரில் ஊறவைத்தால், அந்தப் புளிப்பில் நாக்கு இல்லாத உப்பையும் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

செய்து ருசி பார்த்தபோது அவள் நாக்கே ஏமாந்துவிட்டது. உதடுதான் ஏமாறவில்லை. கொழுப்புக் குழம்பு தின்றால் மேலுதடும் கீழுதடும் லேசாக ஒட்டும்; அந்த ஒட்டல் இல்லாவிட்டால் சபாத்தீனோ கண்டுபிடித்துவிடுவான். அதற்கு அவள் மாட்டுக் கால் எலும்பைக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமையே குழம்பில் எலும்பைப் போட்டுக் கொதிக்கவிட்டால் அதன் பசை முழுக்க இறங்கும். இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே வந்து ஆரஞ்சு நிற மூடி மாதிரி உறைந்து நிற்கும். கத்தி முனையால் நெம்பினால் மூடி முழுசாக வந்துவிடும். கொழுப்பு போய்விடும், பசை குழம்பிலேயே தங்கும். அந்த மூடியைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையின் அடியில், காப்பித்தூள் சக்கைக்குக் கீழே புதைப்பாள்.

அடுத்த ஞாயிறு சபாத்தீனோ தின்றான். உதட்டைத் தடவிப் பார்த்தான். இன்னொன்று கேட்டான்.

"இப்பத்தான் புத்தி வந்திருக்கு. கொழுப்பு போட்டிருக்க, இல்ல?"

"போட்டேன்" என்றாள் ஏர்சீலியா.

"இதை அன்னிக்கே செய்யறதுக்கு என்ன கேடு உனக்கு?"

மாதங்கள் போயின. ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. டாக்டர் சபாத்தீனோவின் தோளைத் தட்டினார். வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "பார்த்தியா? கொழுப்புதான் என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கு. உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் மண்ணுக்குள்ள கிடப்பேன்." ஏர்சீலியா பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாள். உயிரோடு இருந்து திட்டட்டும் என்று நினைத்தாள்.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிறு அவன் அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டான். முழங்கால் வலியோடு படியேறி வந்த டிட்டீனா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். மக்ரோனி முடிந்தது. ரொட்டியைப் பிய்த்துத் தட்டைச் சுற்றித் துடைத்தாள். துடைத்த தட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கறி வந்ததும் நூலை உருவிவிட்டு மெதுவாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எங்கம்மா சொல்லிக்குடுத்தது. கெட்டுப்போக வழியே இல்ல. கொழுப்பு போட்டா கழுதைகூட சமைக்கும்."

சபாத்தீனோ மேசையைத் தட்டிச் சிரித்தான். "அன்னிக்குச் செருப்பு சுருட்டினாளே, ஞாபகமிருக்கா? கொழுப்பை எடுத்துட்டா இவ கையில என்ன இருக்கு? விரல் இருக்கு, அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லாதடா. ஏதாவது கைப்பக்குவம் இருக்கும். இருக்கா ஏர்சீலியா? சும்மா சொல்லு. இல்ல, எல்லாம் பன்னி பண்ணற வேலைதானா?"

"சாப்பிடுங்க மதினி" என்றாள் ஏர்சீலியா.

"பாவம், இல்லைன்னு சொல்ல வெட்கப்படறா. கல்யாணமாகி வந்தப்ப தண்ணி காய்ச்சத் தெரியாது இவளுக்கு."

"இப்ப மட்டும் என்ன தெரியுது?" என்றான் சபாத்தீனோ, வாய் நிறையக் கறியோடு.

அந்த வாயில் இருந்த கறியைத்தான் ஏர்சீலியா பார்த்தாள். அவள் சுருட்டியது, அவள் கட்டியது. அதை மென்றுகொண்டே அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"கொழுப்பே இல்ல அதுல" என்றாள்.

"என்னது?"

"ஒரு பொட்டுகூட இல்ல. இத்தனை மாசமா இல்ல. வெங்காயமும் ரொட்டியும் எலும்புப் பசையும்தான். எல்லாம் என் கைதான்."

சபாத்தீனோ மெல்லுவதை நிறுத்தினான். துணியை எடுத்து வாயில் இருந்ததை அதில் துப்பினான்.

"எனக்கு அப்பவே தெரியும். ஏதோ குறையுதுன்னு."

"போன வாரம் மூணு தின்னே நீ!"

"பசிக்குத் தின்னேன்டி! கட்டினவனை நோயாளியாக்கி, கஞ்சி ஊத்தி, பொய் வேற." தட்டைத் தள்ளினான். "அக்கா, அடுத்த ஞாயிறு உன் வீட்டுச் சட்டியை எனக்கு அனுப்பிடு."

"அனுப்பறேன்டா கண்ணு" என்றாள் டிட்டீனா.

ஏர்சீலியா அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். பின்னாலேயே டிட்டீனா மக்ரோனித் தட்டோடு வந்து, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"பாரு. கழுவிவச்ச மாதிரி இருக்கு. கொழுப்புக் குழம்புன்னா எத்தனை ரொட்டியால துடைச்சாலும் ஆரஞ்சுப் படலம் ஒண்ணு நிக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டாத்தான் போகும். முதல் தட்டுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அப்படிப் பேசினீங்க?"

"நான் சொன்னா பொறாமைம்பான். நீ சொன்னாத்தான் நம்புவான்." தட்டைத் தொட்டியில் வைத்தாள். "நல்லாத்தான் பண்ணியிருக்க. எனக்கே வராது இது."

"அவன் செத்துப்போவான் மதினி."

"எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் வயிறு நிறைஞ்சுதான் போனாங்க. அவனும் அப்படியே போகட்டும். உன் வெங்காயத்தைத் தின்னுட்டு எனக்கு அந்நியனா இருக்க வேணாம்."

அடுத்த ஞாயிறும் ஏர்சீலியா எலும்பைப் போட்டுக் குழம்பு வைத்தாள். சபாத்தீனோ அந்தப் பக்கமே திரும்பவில்லை. கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு, ரொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேசையில் காத்திருந்தான்.

மதியம் சந்திலிருந்து குரல் வந்தது. "டேய் சபாத்தீனோ! என்னால படியேற முடியாது, கூடையை இறக்கு!"

அவன் கூடையை இறக்கினான். வெறும் கூடைதானே. சட்டி ஏறியதும் கயிறு விறைத்தது. அவன் கயிற்றை விட்டு விலகி நின்றான்.

"ஏர்சீலியா, வந்து இழு. நான் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரில்ல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொன்னான். அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சட்டிக்கு முன்னால் அதன் வாசனை மாடி மாடியாக ஏறி வந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. விட்டுவிடலாம். விட்டால் சட்டி சந்தில் உடையும், இன்றைக்கு ஒருநாள் தப்பிப்பான். அதற்குப் பிறகு அவனே படியிறங்கி எதிர்வீட்டுக்குப் போவான். அவள் எட்டிப் பார்த்தாள். டிட்டீனா தன் தலைக்கு நேர் மேலே தொங்கிய கூடையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"மெதுவா இழுடி! குழம்பு சிந்திடப் போகுது!"

ஏர்சீலியா மெதுவாக இழுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவன் தின்றான். மூன்று பிராச்சோலாவுக்கும் அவளையே நூல் அறுத்துத் தரச் சொன்னான். கடைசியில் ரொட்டியால் தட்டைத் துடைத்து, திரும்பவும் துடைத்து, அவளிடம் நீட்டினான்.

"இதுக்குப் பேர் சாப்பாடு."

தட்டில் ஆரஞ்சுப் படலம் பளபளத்தது. ஏர்சீலியா வெந்நீர் வைத்தாள்.