கூழில் வைத்த நஞ்சு

என் மகளுக்கு வந்த சம்பந்தம் குழம்பிப் போனது என்னால்தானாம். நான் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிற்கும்போது தரகர் கதிரவேலு வரம்பில் நின்றபடியே அதைச் சொன்னார்.

"கோவிக்காதை தங்கச்சி. மாப்பிள்ளையின்ரை மாமி ஒரேயடியா வேண்டாமெண்டிட்டா. நஞ்சு வைக்கிற கதை எழுதுற மனிசியின்ரை மகளை எடுத்தால், நாளைக்கு ஆர் நம்பிச் சாப்பிடுறது எண்டு கேக்கிறா."

"உதென்ன விசர்க் கதை அண்ணை? கொலைக் கதை எழுதினால் கொலைகாரியோ?"

"கூழுக்கை பூச்சிமருந்து கலந்து மருமகள் மாமியைக் கொல்லுற கதையாமே. அளவு சரியோவெண்டு நீ முதல் பூனைக்கு வைச்சுப் பாத்தனியாம்."

மண்வெட்டியைத் தூக்கி எறிந்தேன். அவர் காலில் படாதது அவருடைய நல்ல காலம். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது!

இந்த நீர்வேலியில் இருந்துகொண்டு ஒன்பது மர்ம நாவல் எழுதியிருக்கிறேன். அதெல்லாம் எங்கிருந்து வந்தது? இந்தச் சனத்திடமிருந்துதான். இரவில் வாழைக்குலை வெட்டுகிறவன் யார், எல்லை வேலியை வருடாவருடம் ஒரு சாண் தள்ளிக் கட்டுகிறவன் யார், வெளிநாட்டில் இருக்கிற தமையனின் காணியைத் தன் பெயருக்கு மாற்றியவன் யார் என்று வலிய வந்து சொன்னவர்கள் இவர்கள். வாழைத்தோட்டத்துக்குள் நின்றால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். என் முதல் நாவலே அப்படிக் கேட்ட பேச்சில் பிறந்ததுதான். புத்தகம் வந்ததும் இரவல் வாங்கி வாசித்துவிட்டு, கொலைகாரன் யாரென்று தங்களுக்கு முதலே தெரியும் என்று பீற்றிக்கொள்பவர்களும் இவர்களே. இப்போது என் பிள்ளையின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். நாசமறுப்பார்! நிவேதனாவுக்கு இருபத்தொன்பது வயது. சுவிஸ் மாப்பிள்ளை, நல்ல குடும்பம். இந்தக் கதை பரவினால் இனி யார் எங்கள் படலையைத் திறந்து பெண் கேட்டு வருவார்கள்?

சேற்றுக் காலோடு நேரே ஒழுங்கை முனையிலுள்ள உதயகலாவின் கடைக்குப் போனேன். எங்கள் ஒழுங்கைக்குப் பெண்ணை விசாரிக்க வருகிறவர்கள் முதலில் நிற்பது அவளிடம்தான்.

"எடியே, என்ரை பிள்ளையைப் பற்றி என்னடி சொன்னனீ?"

"ஐயோ குணமக்கா, சத்தியமா நல்லதுதான் சொன்னனான். பிள்ளை தங்கம், தாய்க்குத்தான் கொஞ்சம் வாய் எண்டு சொன்னனான்."

"கூழிலை நஞ்சு வைக்கிற கதையை ஆர் சொன்னது?"

"கூழோ? எந்தக் கூழ்?" அவள் கண் விரிந்தது. "அது எந்தப் புத்தகத்திலை? எனக்கு நீங்கள் தரவேயில்லையே!"

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாதிதான் எழுதியிருக்கிறேன், இன்னும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. என் கணவர் பத்திரிகையில் மரண அறிவித்தல் தவிர வேறொன்றும் வாசிக்காதவர். நான் எழுதுவதைக் கணினியில் தட்டித் தருபவள் நிவேதனா.

வீட்டுக்குப் போனபோது அவள் நல்லூருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ரியூசனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்.

"நீயோடி சொன்னனீ?"

"ஓம், நான்தான்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அந்த மாமி ரியூசன் வாசலிலை வந்து நிண்டு, அம்மா இப்ப என்ன எழுதுறா எண்டு கேட்டா. சொன்னனான்."

"பூனை?"

"அது நான் கூட்டிச் சொன்னது."

"அடி பாவி! பெத்த தாயை ஊருக்கு முன்னாலை கொலைகாரியாக்கிப் போட்டு நிக்கிறியே! விருப்பமில்லையெண்டால் என்னட்டை வாயைத் திறந்து சொல்லுறதுக்கென்ன?"

கையை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை.

"சொன்னனான் அம்மா. அந்தாளைக் கட்டிக்கொண்டு சுவிஸுக்குப் போக என்னாலை ஏலாது, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டு உந்த மேசைக்குப் பக்கத்திலை நிண்டு சொன்னனான். நீங்கள் எழுதிக்கொண்டே 'ம்' எண்டனீங்கள். பேந்து நிமிர்ந்து பாத்து, 'கூழுக்கை போட்டால் மருந்து மணக்குமோ?' எண்டு கேட்டனீங்கள்."

நான் கேட்டது நினைவிருந்தது. கூழில் போடுகிற மீனின் மணத்தில் தெரியாது என்று அவள் சொன்னதும் நினைவிருந்தது. அதற்கு முன்னால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூட நினைவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆளில்லை.

கைபேசி அடித்தது. கதிரவேலு.

"தங்கச்சி, நல்ல சேதி. நீ இனி எழுதமாட்டனெண்டு ஒரு வாக்குக் குடுத்தால் அவைக்கு ஓமாம்."

"வேண்டாம் அண்ணை."

"உன்ரை எழுத்துக்காகப் பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுக்கப் போறியோ?"

"எழுத்தைத் தூக்கி அடுப்பிலை போடுவன், கதை அதில்லை. பிள்ளைக்கு விருப்பமில்லை."

"உதை முந்தியே சொல்லியிருக்கலாமே! அவள் எப்ப சொன்னவள்?"

நிவேதனா சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள் போன மாசமே சொன்னவள்," என்றேன்.