கத்தரிக்கு முன்னே போன விரல்

வேலைக்குக் கிளம்பும் கணவனிடம் சாவி எடுத்தாயிற்றா, கண்ணாடி எடுத்தாயிற்றா என்று கேட்கும் மனைவிமார் உண்டு. தையல்காரரின் மனைவி, பேட்டரி எடுத்தாயிற்றா என்று கேட்பாள். மேசை மேல் சார்ஜரில் நான்கு பேட்டரிகள் பச்சை விளக்கோடு காத்திருக்கும். இரண்டை உடம்பில் மாட்டிக்கொள்வார், இரண்டைப் பையில் போட்டுக்கொள்வார். மாற்றும்போது ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். அந்தப் பாடத்தை மருத்துவமனையில் அவரைவிட அவள்தான் ஒழுங்காகப் படித்தாள்.

ஏழு மாதத்துக்கு முன்பு அவருடைய இதயம் பாதிக்கு மேல் ஓய்ந்துபோயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டும். மருந்துகள் கைவிரித்த பிறகு, டாக்டர்கள் இதயத்தின் அடியில் ஒரு சின்ன பம்பைப் பொருத்தினார்கள். அது ஓயாமல் சுழன்று ரத்தத்தை உடம்புக்குத் தள்ளுகிறது. அதிலிருந்து ஒரு வயர் வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து, இடுப்பில் இருக்கும் கையடக்கமான பெட்டியில் சேர்கிறது. பெட்டிக்கு உயிர் கொடுப்பது பேட்டரி. இப்போது அவர் நடக்கிறார், தைக்கிறார், மனைவியோடு வாய்ச்சண்டை போடுகிறார். சண்டை போடும் அளவுக்கு மூச்சு வந்துவிட்டதே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மனிதரின் வெட்கம் ஒன்றைத் தவிர. வேலை செய்யும் இடத்தில் குறைந்தது இரண்டு பேருக்காவது இதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்படி நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தவர், அவள் கொடுத்த விளக்க அட்டையை அலமாரி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மனைவி கேட்டபோது, சொல்லியாயிற்று என்று கூசாமல் பொய் சொன்னார். பேட்டரியில் ஓடுகிற ஆளிடம் யார் துணி கொடுப்பார்கள் என்பது அவர் பயம். ஊர் வாய் என்ன பேசும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

தையல்காரருக்கு ஒளித்து வைக்க இடமா பஞ்சம்? சட்டைக்குள் போட ஓர் இறுக்கமான உள்கோட்டு தைத்தார். முன்பக்கம் திறப்பே கிடையாது. அக்குளுக்குக் கீழே கொக்கி. உள்ளே பெட்டிக்கு ஒரு பை, பேட்டரிக்கு இரண்டு பை, வயருக்கு ஒரு மடிப்பு. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது, தன் வாழ்நாளில் தைத்ததிலேயே சிறந்த வேலை இதுதான் என்று அவருக்கே ஒரு பெருமை. அதைப் பாராட்ட ஆள் இல்லையே என்பதுதான் வருத்தம்.

கடையில் அவரைச் சேர்த்து மூன்று பேர். துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் பதினெட்டு வருடமாகக் கூட இருப்பவர். பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற அம்மாளுக்குப் பட்டன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருவருக்கும் தெரிந்ததெல்லாம் அண்ணனுக்கு ஏதோ சின்ன ஆபரேஷன் என்பதுதான்.

பள்ளிகள் திறக்கும் சமயம். சீருடைத் துணி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழிப்பறை பின்கட்டில், நாலு கடைக்கும் பொது. அங்கே போனால் உள்கோட்டின் கொக்கியைக் கழற்ற வேண்டும், யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அதனால் அவர் கடையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். உடம்பில் நீர் வற்றினால் பம்ப் இழுக்க ரத்தம் போதாது என்று நர்ஸ் சொன்னதும் அந்த இழுப்பறையில்தான் கிடந்தது போலும்.

அன்று வெயில் கொளுத்தியது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். எங்கோ பீப் பீப் என்று ஒரு சத்தம். பக்கத்துக் கடை போன் என்று இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தையல்காரர் ஸ்டூலிலிருந்து மெல்லச் சரிந்து துணிக்குவியல் மேல் விழுந்தார். பட்டன் அக்கா ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"மாஸ்டர், நாடியே இல்ல."

பம்ப் நிற்காமல் ஒரே சீராக ரத்தத்தைத் தள்ளுவதால் இப்படிப் பம்ப் வைத்தவர்களுக்கு நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகலாம் என்பது பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? கட்டிங் மாஸ்டர் சட்டையைப் பிரித்தார். உள்ளே மூச்சைப் பிடிக்கிற மாதிரி ஒரு கோட்டு, திறக்க வழியில்லை. யோசிக்க நேரமில்லை. மேசையிலிருந்த பெரிய கத்தரியை எடுத்து, கோட்டின் கீழ் விளிம்பில் வைத்து வெட்டத் தொடங்கினார்.

மயக்கத்திலும் தையல்காரருக்குக் கத்தரியின் குளிர்ச்சி தெரிந்தது. வேண்டாம் என்று கத்த நினைத்தார், நாக்கு எழவில்லை. வயர் அறுந்தால் பம்ப் நின்றுவிடும். கத்தரிக்கும் தன் உயிருக்கும் நடுவே ஒரு சாண்தான் என்று தெரிந்தும், வாய் பேச முடியாமல் கிடந்தார்.

துணி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணியில் குண்டூசி தங்கியிருந்தால் கத்தரியின் வாய் மழுங்கிவிடும் என்று, இடது கை விரல் கத்தரிக்கு முன்னால் தடவிக்கொண்டே போகும். அந்த அவசரத்திலும் மாஸ்டரின் விரல் தன் வேலையை மறக்கவில்லை. ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. கத்தரி நின்றது. துணியை விலக்கினால் வயிற்றிலிருந்து ஒரு வயர், அதன் முனையில் ஒரு பெட்டி. பீப் சத்தம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பெட்டியின் முதுகில் மருத்துவமனையின் எண் ஒட்டியிருந்தது. மாஸ்டர் அதற்குப் போன் போட்டார். எதையும் பிடுங்காதீர்கள், இணைப்பெல்லாம் இறுகியிருக்கிறதா பாருங்கள், காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸ் வருகிறது என்று நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர்கள் செய்தார்கள்.

மறுநாளே தையல்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நரம்பு வழியாக ஏற்றிய நீர் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரிகளைச் சார்ஜரில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டாததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. கட்டிங் மாஸ்டர் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினெட்டு வருஷம் ஒரே மேசையில வேலை பாத்திருக்கோம். எங்கிட்ட சொல்ல என்னண்ணே வெட்கம்? காப்பாத்தறேன்னு நெனச்சு நானே உங்கள கொன்னிருப்பேன். அப்புறம் நான் எப்படிண்ணே கத்தரியத் தொடுவேன்?"

தையல்காரர் அழுதார். செத்துப்போயிருப்போமே என்பதற்காக அல்ல. தன் வெட்கம் இந்த நல்ல மனிதரைக் கொலைகாரர் ஆக்கப் பார்த்ததே என்று நினைத்துத்தான் அழுதார். மனைவி அப்போதுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே வாரத்தில் கடை திறந்தது. நர்ஸே நேரில் வந்து இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தாள். பேட்டரி மாற்றுவதில் பட்டன் அக்கா மாஸ்டரை முந்திவிட்டாள். அதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. மணிக்கொரு தரம் தண்ணீர்ப் பாட்டில் தையல்காரரின் மூக்குக்கு நேராக வந்து நிற்கும், குடித்தால்தான் அடுத்த துணி. வாடிக்கையாளர்கள் ஒருவர்கூடக் குறையவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் துணி எப்போது கிடைக்கும் என்பதைத்தான்.

ஒரு நாள் கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்த பஸ் டிரைவர், தையல்காரரின் தோளில் இப்போது வெளிப்படையாகத் தொங்கிய பேட்டரிப் பையைப் பார்த்து என்னவென்று கேட்டார். தையல்காரர் ஒளிக்காமல் சொன்னார். டிரைவரின் முகம் மாறியது. தன் தம்பிக்கும் இதையே வைக்கச் சொல்கிறார்கள், மெஷினோடு அலைந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவன் மறுக்கிறான் என்றார். மறுநாளே கூட்டிவரச் சொன்னார் தையல்காரர்.

தம்பி வந்தான். கடை வாசலில் இருந்த மூன்று படி ஏறவே இரண்டு தடவை நின்றான். உட்கார்ந்து மூச்சு அடங்கியதும் தையல்காரரின் பையைப் பார்த்தான், வயரைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்.

"வெளிய தெரிஞ்சா அசிங்கமா இல்லையா சார்?"

தையல்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நோய் வர்றது அசிங்கமில்ல தம்பி. அதுக்கு வைத்தியம் பண்ணிக்கறதும் அசிங்கமில்ல. சுத்தி இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சாதான் அவங்க நம்மளக் காப்பாத்த முடியும். இந்தப் பம்ப் வெச்சதுல எனக்கு உயிர் வந்துச்சு. அத மறைச்சதுலதான் சாகப் பாத்தேன்."