வாடை எடுக்கும் தூள்

"ஒண்ணுமில்ல" என்று சொல்வதுதான் என் வேலை.

சோயாவை உடைத்து, எண்ணெயைப் பிரித்து, மிச்சத்திலிருந்து புரதத்தை எடுத்துத் தூளாக்குகிற ஆலை எங்களுடையது. அந்தத் தூளுக்கு இரண்டு வாசல். ஒன்று மனிதர்களுக்கு: ரொட்டி, பிஸ்கட், குழந்தைகளின் பால்மாவு டப்பா. மற்றது கன்றுக்கும் பன்றிக்குட்டிக்கும் கோழிக்கும். வாசல் வேறானாலும் தலைவலி ஒன்றுதான். சோயாவை என்ன பாடுபடுத்தினாலும் அடியில் ஒரு பச்சை வாடை ஒட்டிக்கொண்டே இருக்கும், விருந்து முடிந்தும் கிளம்பாத சொந்தக்காரர் மாதிரி. தினமும் காலையில் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மோந்து, வாயில் உருட்டி, துப்பிவிட்டு, வாடை இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். மெஷின் ஆயிரம் சொல்லும். கடைசி வார்த்தை என்னுடையது. நான் "இருக்கு" என்றால் மூட்டை வெளியே போகாது. ஆலையில் எனக்குப் பெயரே மூக்கு. கோபமும் அதன் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். பொய்யில்லை.

இந்த வேலைக்குக் கட்டுப்பாடு அதிகம். வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பூண்டு தின்னக்கூடாது. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிவந்த சென்ட் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. "உன்னக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பச்சத் தண்ணியக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று அவர் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு வம்பு ஆரம்பித்தது. என் மகள் என்னிடம் தூங்க மாட்டேன் என்றாள். முழித்திருக்கும்போது ஒட்டிக்கொள்வாள், என் கம்மலைப் பிடித்து இழுப்பாள், கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். கண் சொருகியதோ இல்லையோ, திமிறி, வில்லாக வளைந்து அழுவாள். அவர் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனால் அடுத்த நிமிடம் சத்தம் இருக்காது.

"பகல் பூரா என்கிட்டயே இருக்காள்ல, பழகிட்டா. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றார் அவர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர், பிள்ளை வளர்ப்பும் அவர் பொறுப்பில்தான்.

நான் மூஞ்சியைத் தூக்கித்தான் வைத்துக்கொண்டேன். பெற்றவள் மடியில் தூங்காத பிள்ளை என்றால் யாருக்குப் பொறுக்கும்? அவர் மேல் எனக்குப் பொறாமை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதுத் தூளும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. எங்கள் லேப் மேடம் சோயாவை எதையோ விட்டுப் புளிக்கவைத்துக் கண்டுபிடித்தது. மற்றவர்கள் வாடையை மறைப்பார்கள், இது வாடையையே எடுத்துவிடும். தன்னுடையதை மட்டுமல்ல, சேர்ந்த இடத்தின் வாடையையும். மீன் கழுவிய தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு என்னிடம் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். கிண்ணமே இல்லாத மாதிரி இருந்தது. 

"ஒண்ணுமில்ல மேடம்."

"இந்த ஒரு வார்த்தைக்காக எத்தன வருஷம் காத்துட்டிருந்தேன் தெரியுமா!" மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. கூட ருசி பார்க்கும் ஒருத்திக்குச் சளி, இன்னொருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள். அதனால் தினமும் வந்த எல்லாக் கிண்ணங்களும் எனக்குத்தான். துப்பிவிடுகிறோமே, என்ன ஆகிவிடப் போகிறது?

தூள் முதலில் கன்றுகளுக்குப் போனது. ஆலைக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு சோதனைத் தொழுவம் உண்டு. காலையில் கன்றுகள் தனிப்பட்டியில் எங்கள் பால்கலவையைக் குடிக்கும், மதியம் தாயிடம் விடுவார்கள். கன்றுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள் தொழுவக்காரர் போன் செய்து, "மாடுங்க ஒரு மாதிரியா இருக்கு, யாராவது வந்து பாருங்க" என்றார். மேடம் என்னை அனுப்பினார்.

தொழுவத்தை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. கன்றைத் தொலைத்த மாடு எப்படிக் கத்தும் என்று கேட்டிருக்கிறீர்களா? அடிவயிற்றிலிருந்து வரும். அங்கே அத்தனை மாடுகளும் அப்படிக் கத்திக்கொண்டிருந்தன. ஆனால் கன்றுகள் எங்கும் போய்விடவில்லை. ஒவ்வொரு மாட்டின் காலடியிலும் அதனதன் கன்று நின்றுகொண்டிருந்தது.

"இதப் பாருங்கம்மா" என்று தொழுவக்காரர் ஒரு கன்றை மடிப் பக்கம் தள்ளினார். தாய் குனிந்து அதன் முதுகை மோந்தது. இன்னொரு தடவை மோந்தது. பிறகு பேயறைந்த மாதிரி இரண்டு எட்டுப் பின்வாங்கி, கன்றின் தலைக்கு மேலாக வெளியே பார்த்து, மறுபடி அதே கன்றைக் கூப்பிட்டுக் கத்தியது.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

"கண்ணும் இல்ல காதும் இல்ல. சும்மா இருங்கண்ணா."

கன்றின் கழுத்தில் முகத்தைப் புதைத்து மோந்தேன். சாணம், வியர்வை, பால், வைக்கோல், கன்று என்றால் எத்தனை வாடை இருக்க வேண்டும்! கன்னத்தில் மயிர் உறுத்தியது, உடம்புச் சூடு பட்டது, இதயம் அடித்துக்கொள்வது கேட்டது. ஆனால் மூக்குக்கு அங்கே கன்று இல்லை. கன்று நின்ற இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

திரும்பும்போது ஒரு மாடு நேராக வந்து என் காலை மிதித்துவிட்டுப் போனது. புது ஆள் வந்தால் மிரண்டு தலையைத் தூக்குகிற சாதி அது, என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"என்னண்ணா, உங்க மாடு மனுஷங்கள மதிக்கவே மாட்டேங்குது?"

அவர் சிரிக்கவில்லை.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அளவு ஜாஸ்தியாயிருக்கும். கன்னுக்கு வேணாம், நிறுத்திடலாம். மனுஷங்க பக்கம் தொடரட்டும். பால்மாவு கம்பெனிக்குப் போன மாசமே கொஞ்சம் அனுப்பியாச்சு, நல்லா இருக்குன்னு இன்னும் கேக்கறாங்க" என்றார்.

என் மகளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. அவள் குடிப்பது சோயாப் பால்மாவு. அதே கம்பெனி டப்பா.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் பிள்ளையை வாரி எடுத்து உச்சந்தலையில் மோந்தேன். கழுத்து மடிப்பில், அக்குளில், உள்ளங்காலில் மோந்தேன். புளித்த பால், வியர்வை, ஈர ஜட்டி. அத்தனையும் இருந்தது. என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"என்னாச்சு உனக்கு?" என்று அவர் பதறினார்.

"ஒண்ணுமில்லீங்க. இருக்கா. நல்லா நாறுறா." புதுத் தூள் சேராத பழைய டப்பாதான் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இனி வேறு கம்பெனி.

மறுநாள் காலை மேடம் பக்கத்தில் நிற்க, கிண்ணத்தை எடுத்து மோந்தேன். உருட்டினேன், துப்பினேன். ஒன்றுமே இல்லை.

"இருக்கு" என்றேன்.

"என்ன இருக்கு?"

"பச்ச வாடதான். அடியில. தண்ணி ஆறுனதும் மேல வருது."

மேடம் தானே எடுத்து மோந்து பார்த்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நெஜமாவா?"

"என் மூக்கு என்னிக்காவது தப்பு சொல்லியிருக்கா மேடம்?"

தூள் நின்றது. என் தொழிலில் நான் சொன்ன ஒரே பொய் அது. சொன்னதற்குத் துளி வருத்தமில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காப்பாற்றிவிட்ட மிதப்பில் அந்த வாரம் பூராவும் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருடைய சந்தன சோப்பைத் தேய்த்து ஆசை தீரக் குளித்தேன். ஒரு நாளைக்கு என்ன கெட்டுப்போகும்? பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்கினாள். "இன்னிக்கு நான்தான்" என்று தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் கண் மெல்ல மூடியது. மூக்கை என் கழுத்தில் வைத்துத் தேய்த்தாள். இந்தப் பக்கம் தேய்த்தாள், அந்தப் பக்கம் தேய்த்தாள். பிறகு உடம்பு விறைத்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே வாசல் பக்கம் திரும்பி, "ம்மா... ம்மா..." என்று கத்தினாள்.

"இங்கதான்டி இருக்கேன். அம்மாதான்டி தங்கம்."

கண்ணைத் திறந்து பார்த்தாள். என்னைக் கண்டதும் அடங்கினாள். இமை மூடியதும் மறுபடி என்னைத் தள்ளிக்கொண்டு என்னையே கூப்பிட்டுக் கத்தினாள்.

பிள்ளையை மோந்தேன், கன்றை மோந்தேன். தினமும் அத்தனை கிண்ணத்தையும் வாயில் உருட்டிய என்னை யாராவது மோந்தார்களா? தன் வாடை தனக்கே தெரிகிற மூக்கு உலகத்தில் யாருக்கு இருக்கிறது?

"என்னங்க" என்று கூப்பிட்டேன். "என்ன ஒரு தடவ மோந்து பாருங்க."

"பட்டப்பகல்ல என்ன விளையாட்டு?" என்று சிரித்தபடியே வந்தார். கழுத்தில் மோந்தார். தலையில் மோந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சோப்பு போட்டுத்தான குளிச்ச?"

"உங்க சந்தன சோப்புதாங்க. ரெண்டு தடவ தேச்சேன்."

அவர் அழுகிற பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே, பிரசவ விடுப்பில் நான் போட்டிருந்த பழைய நைட்டி.

"நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல" என்றார். "இதக் குடுத்தாத்தான் தூங்கறா. தொவைக்காமயே வச்சிருக்கேன்."

பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடுங்கி, முகத்தைப் புதைத்து, நீளமாக மூச்சை இழுத்தாள். அழுகை நின்றது. "ம்மா" என்று அதனிடம் சொன்னாள்.

நானும் குனிந்து ஓரத்தை மோந்தேன். பாலும் வியர்வையுமாக ஒரு பெண் அதில் இருந்தாள். ஆனால் ரொம்ப லேசாக. இன்னும் சில நாள்தான் தாங்கும் என்று என் மூக்கு சொன்னது.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை.