முடித்து வைக்கும் சொல்

"கதவுக்கு எத்தனை பக்கம்?" என்று நேர்காணலில் அங்கயற்கண்ணியிடம் கேட்டார்கள். இரண்டு என்றாள். உடனே வேலை கொடுத்துவிட்டார்கள். மென்பொருள் சேவைகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறையை வடிவமைக்கிற வேலை.

சேவைகள் நடைவழியின் இருபுறமும் குடியிருந்தன. சம்பளச் சேவை மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும். விடுப்புச் சேவை மூன்றாவது கதவு. செய்தி போக இரண்டு கதவுகள் திறக்க வேண்டும், பேச்சு முடிந்ததும் மூட வேண்டும். முடிந்தது என்பதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அவள் விதி ஆவணத்தில் "போயிட்டு வர்றேன்" என்று வைத்தாள். வேறு என்ன வைப்பாள்?

வர்றேன் என்றவருக்காகக் கதவுகள் திறந்தே காத்திருந்தன. திறந்து கிடக்கும் கதவு வேறு செய்தி வாங்காது. அதனால் ஒவ்வொரு செய்திக்கும் புதுக்கதவு முளைத்தது, நடைவழி நீண்டது. காலையில் வாசல் தெரிந்தது. மதியம் ஆட்டோ பிடிக்கிற தூரத்துக்குப் போய்விட்டது.

நான்கு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். சீக்கிரம் கிளம்ப அவள் கேட்ட அனுமதி மூன்றாவது கதவிலேயே நின்றது.

சொல்லை "போறேன்" என்று மாற்றினாள். சம்பளச் சேவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது.

"வெள்ளிக்கிழமை அதுவுமா இதைச் சொல்லச் சொல்றியே, நல்லா இருப்பியாம்மா?"

பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"வர்றேன்னு சொன்னவங்க மூஞ்சியிலயா?" என்றது விடுப்புச் சேவை.

மேலாளர் மரியசெல்வம் திங்கட்கிழமையிலிருந்து அழைப்பு மணியாக இருந்தார். அழுத்தினால்தான் பேசுவார். அழுத்தினாள்.

"ஆவணத்துல என்ன போட்டிருக்க?"

"போயிட்டு வர்றேன்னு, சார்."

"அப்ப வருவாங்க."

மறுபடி அழுத்தினாள். வெறும் மணிதான் அடித்தது.

மூன்றே முக்கால். நடைவழியில் இன்னும் இரண்டு கதவுகள் முளைத்தன. ஒன்றும் சொல்லாமல் போகிறவர்களைப் பற்றி ஆவணத்தில் தேடினாள். ஒரு வரிகூட இல்லை. அவள்தான் எழுதியது.

பையை எடுத்தாள். விடுப்புச் சேவை நிமிர்ந்து, அவள் சொல்லப்போவதைக் கேட்கத் தயாரானது. சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். காத்திருக்கச் சொல் கிடைக்காமல் மூன்றாவது கதவு சாத்திக்கொண்டது. அடுத்ததும் சாத்திக்கொண்டது. சாத்திய கதவுகள் சுவருக்குள் போயின, வாசல் பக்கத்தில் வந்தது.

"திரும்பி வருவேல்ல?" என்றது சம்பளச் சேவை. "அதையாவது சொல்லிட்டுப் போ தாயி."

அங்கயற்கண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.