நாச்சிமுத்து கடைப் பைகளின் உத்தரவாதம்

எழுபத்து மூன்றாம் வருட ஆடிக்குப் பிறகு, நாமக்கல்லில் நாச்சிமுத்து தைத்து விற்ற முதுகுப் பைகளில் ஒன்றுகூடக் கிழியவில்லை. கிழிய வேண்டியதெல்லாம் நாச்சிமுத்துவின் தோளிலும் முதுகிலும் கிழிந்தது. ரத்தம் வராது. கித்தான் பிரிவதைப் போலத் தோல் நூல் நூலாகப் பிரியும். வலி மட்டும் மனிதத் தோலுக்கு உண்டான வலி. வைத்தியம் பார்க்க வந்தவர், இது தைக்கிற வேலை, இதில் மருந்துக்கு என்ன இருக்கிறது என்று சொல்லித் தன் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் அவன் மனைவி பூவாத்தாள்தான் மெழுகு தேய்த்த நூலைக் கோத்து, ஒவ்வொரு கிழிசலையும் தைத்துவிட்டாள்.

அவனுடைய தொழில் லாரிகளுக்குத் தார்பாய் தைப்பது. மீந்த கித்தானில் பொழுது போகாமல் தைத்த முதுகுப் பைகளுக்குத்தான் பிறகு கிராக்கி வந்தது. ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைக்கு நடந்து ஏறுகிறவர்களும், மிளகு வாங்க மலைக்குப் போகிறவர்களும், அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு நடக்கிற கல்லூரிப் பிள்ளைகளும் தேடி வந்து வாங்கினார்கள். அந்த ஆடியில் ராசிபுரத்து வாத்தியார் பச்சமுத்துவின் பை மட்டும் பாதி மலையில் வார் அறுந்து, அரிசியும் அதைப் பொங்க வைத்திருந்த போசியும் கண்ணாடியும் பள்ளத்துக்குள் போயின. வெள்ளிக்கிழமை, கடையில் நாலு பேர் நிற்கும்போது வாத்தியார் வந்து, “விக்கறதுக்கு மட்டும்தான் வாயி இருக்குதுங்களா?” என்று கேட்டார். வேறு பை ஒன்றைக் கொடுத்திருந்தால் விவகாரம் அதோடு தீர்ந்திருக்கும். நாச்சிமுத்துவுக்கு ரோசம். பூசைத் தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, “இனி எங்கடைப் பை கிழிஞ்சா எந்தோலு கிழியட்டுமுங்க” என்று சத்தியம் செய்துவிட்டான். சாமி அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

கிழியாத பை என்று பேர் பரவியதும் ஜனங்கள் அதில் ஏற்றாத பாரம் இல்லை. ஒருவர் அம்மிக்கல்லை வைத்துத் தூக்கிப் பார்த்தார். சனிக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் ஏற்காடு ஏறினால் சாயங்காலம் நாச்சிமுத்துவின் வலது விலா திறந்துகொள்ளும். திங்கட்கிழமை அதே பிள்ளைகள் வந்து, பக்கிள் துருப்பிடிக்கிறது, சாயம் வெளுக்கிறது என்று குறை சொல்வார்கள். அவன் சட்டைக்குள் தையல் இழுக்க இழுக்கக் குனிந்து பக்கிளுக்கு எண்ணெய் போட்டுக் கொடுப்பான். எழுபத்து எட்டில் பை தைப்பதையே விட்டுவிட்டான். ஆனால் விற்ற முந்நூற்றுச் சொச்சம் பைகள் அழியாமல் ஊரூராக நடந்துகொண்டிருந்தன. பூவாத்தாள் பஸ் ஏறிப் போய் அவற்றைத் திரும்பக் கேட்டாள். வாழப்பாடிச் சின்னுசாமி காப்பி கொடுத்தார், பையைக் கொடுக்கவில்லை. “இனி பாத்துத் தூக்கறேன், அக்கா” என்றார். சத்தியம் வாங்கியவரே விட்டேன் என்று சொன்னால் தீரும் என்று ராசிபுரத்துக்குப் போனாள். வாத்தியார் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

எண்பத்து ஒன்றிலிருந்து கிழிசல் பாதியாகக் குறைந்தது. நாச்சிமுத்து மல்லாந்து படுக்கப் பழகினான், உடம்பில் கொஞ்சம் சதையும் போட்டது. “சனங்க இப்பல்லாம் பதனமா வெச்சுக்கறாங்க புள்ள” என்றான். பூவாத்தாள், “ஆமாங்க” என்றாள். எட்டு வருடக் களைப்புக்குப் பிறகு மனிதர்களைப் பற்றி அவனுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்திருந்தது, பாவம்.

எண்பத்து மூன்று மார்கழியில் மிளகு வியாபாரி சென்னியப்பன் குறை சொல்வதற்கு அல்லாமல் பாராட்டுவதற்கென்றே கடைக்கு வந்தார். புதன்கிழமை மலைப்பாதையில் கால் வழுக்கி, பை நாற்பதடி பாறையில் உரசிக்கொண்டே போய் விழுந்ததாம். “ஒரு கீறல் இல்லீங்ணா, பாருங்க!” நாச்சிமுத்து பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு இழைகூட நகரவில்லை. புதன்கிழமை முழுக்க அவன் தார்பாய் தைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவினான். பழைய தையல்கள்தான் தட்டுப்பட்டன. பையை வைத்துவிட்டு உள்ளே போனான்.

பூவாத்தாள் இடது கையை மடியிலேயே போட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்பருந்து புள்ள?”

அவள் தலை நிமிரவில்லை. “ரெண்டு வருசமாச்சுங்க. பாதிய எனக்குக் குடுன்னு நானும் ஒரு சூடத்த அணச்சனுங்க.”

முந்தானையை விலக்கினான். தோளிலிருந்து இடுப்பு வரை கிழிசல். அதன் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன, சில துருவேறியிருந்தன. நடு முதுகில் ஊக்கும் இல்லாமல் திறந்தே கிடந்தது.

“தைக்கறதுக்கு எட்டல. கை எட்டுன வரைக்கும் குத்திக்கிட்டேன்” என்றாள், வேலை சரியில்லை என்று அவன் ஏசிவிடுவானோ என்கிற மாதிரி.

நாச்சிமுத்து அழுதான். தன் முதுகைத் தைத்த கைக்கு அதன் சொந்த முதுகு எட்டாது என்பது இத்தனை வருடம் ஊசி பிடித்தவனுக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டு அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, நூலுக்கு மெழுகு தேய்த்து, அவள் பின்னால் உட்கார்ந்து முதல் ஊக்கைக் கழற்றினான்.

“ஏனுங்ணா, நான் கெளம்பட்டுங்களா?” என்று வெளியிலிருந்து சென்னியப்பன் குரல் கொடுத்தார்.

“சித்த உக்காருங்க, சாமி. ஊட்டுக்குள்ள வேலையா இருக்கறேன்.”

அன்றிலிருந்து புதன்கிழமைகளில் கடைக் கதவு பாதிதான் திறந்திருக்கும். புருசனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தைத்துக்கொள்ளும் நாள் அது என்று ஊருக்குத் தெரியும். பக்கிள் துரு, சாயம் என்று வருகிறவர்கள் வெளிப் பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து, பையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.