பட்டி பூசிய கழுத்து

டிரெய்லரில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒன்று ஹெமெட் ஊர்க்காரர் ஒருவர் விற்பதற்கு வைத்திருந்த கறுப்பு ஹார்லி டைனா. மற்றதன்மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. டெல்ஃபீனா கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தபோது முதலில் தெரிந்தது நிறம்தான். புளியங்கொட்டை நிறம். எங்கள் ஊர் ஃபான்டானாவில் அந்த நிறத்தைக் கலக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பத்தொன்பது வருடமாக நான் அதைக் கலக்கவில்லை.

"அப்பாகிட்ட கேட்டுட்டா எடுத்துட்டு வந்தே?" என்றேன்.

"கேட்டா குடுப்பாரா? ஷெட்டுல எலி குடும்பம் நடத்திட்டிருந்துச்சு மாமா. காலி பண்ணச் சொல்லிட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

டெல்ஃபீனா என் தங்கை ஒராலியாவின் மகள். முப்பது வயது. சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். அவள் அப்பனோடு நான் பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் சிறு வயதிலிருந்தே சைக்கிளை மிதித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்துவிடுவாள். இப்போது தனக்கென்று ஒரு வண்டி கட்ட வேண்டுமாம். சாய்ந்து உட்கார்ந்து போகிற ஹார்லி, ஆனால் மலைப்பாதை வளைவில் பந்தய வண்டிக்கு ஈடுகொடுக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்த சஸ்பென்ஷன், முன்சக்கரத்தில் இரட்டை டிஸ்க் பிரேக், உயரமான கைப்பிடி. எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாம் இப்படித்தான் கட்டுகிறார்கள். எதன்மேல் கட்டுவது என்று நான்தான் சொல்ல வேண்டும். காசு கொடுத்து டைனாவா, காசில்லாமல் தார்ப்பாய்க்கடியில் வந்த அப்பாவின் பழைய எஃப்எக்ஸ்ஆரா?

யார் வந்து கேட்டாலும் நான் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். இன்ஜினைப் பார்த்து மயங்காதே, இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேமைப் பார். ஃப்ரேமிலும் கழுத்தைப் பார், முன்சக்கரத்தின் கவைக்கம்பு வந்து மாட்டுகிற அந்தக் குழாயை. வேகமும் பிரேக்கும் கூடக் கூட மொத்தப் பாரமும் வந்து விழுவது அங்கேதான். கழுத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டு, மேடுபள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி இருந்தால் இரும்பு தெரிகிறவரை சுரண்டு. இவ்வளவு கறாராகப் பேசும் நான், என் வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. அந்த வண்டிதான் இப்போது டிரெய்லரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

என் மச்சினன், டெல்ஃபீனாவின் அப்பன் லாலோவுக்காக நான் தேர்ந்தெடுத்தது அது. பாம்டேலில் ஒரு கிழவர் விற்றார். இன்ஜினைக் கிளப்பிக் காட்டினார், எனக்கு அந்த இடத்திலேயே புத்தி போய்விட்டது. அப்படி ஒரு சத்தம். கழுத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். வெல்டிங் தடமே தெரியாமல் பட்டி பூசி, தேய்த்து, முட்டைபோல வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து அலங்கார வண்டிக்காரர்களின் வழக்கம் அது. பார்க்க அழகாக இருந்தது, விட்டுவிட்டேன். இன்னும் உண்மையைச் சொன்னால், அந்தப் பட்டியின்மேலேயே என் பெயின்டை அடித்து எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். முன்னால் ஒரே டிஸ்க் இருந்த வண்டிக்கு இரண்டு டிஸ்க் போட்டதும் நான்தான்.

ஆறு மாதம் கழித்து லைட்டில் க்ரீக் மலைப்பாதையில், ஒரு வளைவுக்குமுன் லாலோ பிரேக்கைப் பிடித்தபோது வண்டி கவிழ்ந்தது. பின்னால் ஒராலியா உட்கார்ந்திருந்தாள். லாலோவுக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "முன்பக்கம் ஆடுச்சு மச்சான். கைப்பிடி தானா திரும்பிடுச்சு." அம்மா, சித்திகள், பாதிரியார் எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "நான் கட்டின வண்டி ஆடாதுடா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேகமா ஓட்டி எந்தங்கச்சி கால எடுத்துட்டே." அவன் என் கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்றிலிருந்து குடும்பத்தில் அவன் பெயர் காலை எடுத்தவன். கிறிஸ்துமஸுக்கு தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை கட்ட எல்லோரும் என் வீட்டில் கூடும்போது ஒராலியாவை வாசலில் இறக்கிவிடுவான். இன்ஜினை அணைக்காமல் தெருவிலேயே கொஞ்ச நேரம் நிற்பான், அவள் கைத்தடியோடு படியேறி முடிக்கும்வரை. பிறகு போய்விடுவான். அப்படி நிற்பதையும் நான் திமிர் என்றே நினைத்தேன்.

"மாமா, கனவு கண்டது போதும். நூலப் பிடிங்க" என்றாள் டெல்ஃபீனா.

முதலில் டைனாவுக்குப் பிடித்தோம். பின் அச்சின் நடுவிலிருந்து கழுத்தின் நடு வரை நூல் இழுத்தால் ஃப்ரேம் நேரா கோணலா என்று அதுவே சொல்லிவிடும். டைனா நேராக இருந்தது. பிறகு புளியங்கொட்டைக்கு. நூல் கழுத்தின் நடுவைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளிப் போனது.

"விழுந்ததுல வளைஞ்சிருக்கும்" என்றாள். "ஜிக்குல வச்சு நேராக்கிடலாம்ல? எனக்கு இதத்தான் கட்டணும் மாமா. அப்பா கெடுத்தத நான் சரி பண்ணி ஓட்டினா, அம்மாவாவது அதுக்கப்புறம் அந்த ஷெட்டுப் பக்கம் போவாங்க."

"இரு. கழுத்த சுரண்டிடுவோம்."

டேங்கைக் கழற்றினேன். டேங்க் மறைத்திருந்த இடத்தில், கழுத்தின் பின்பக்கம், கறுப்பு ஒட்டுநாடா ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருந்தது. நான் ஒட்டியதில்லை. பசை காய்ந்து போயிருந்ததால் நகத்தைக் கொடுத்ததும் பெயர்ந்து வந்துவிட்டது.

அதற்கடியில் யாரோ ஏற்கெனவே சுரண்டியிருந்தார்கள். என் பெயின்ட், அதற்குக் கீழே கால் அங்குலப் பட்டி, அதற்கும் கீழே இரும்பு. அவசரமில்லாத கை, ஓரங்களைக்கூட உப்புத்தாளால் தேய்த்திருந்தது. நடுவில் அந்த வெல்டிங். எந்தக் காலத்திலோ யாரோ கழுத்தை அறுத்து, சாய்த்து, திரும்ப ஒட்டியிருந்தார்கள். கோழி எச்சம்போல மேலே மட்டும் ஒட்டிய பற்று. அதில் விரிசல். டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசலின் உள்வாயில் இரும்பு இரும்போடு சேர்ந்ததற்கான அடையாளமே இல்லை. அறுத்த ரம்பத்தின் பல் தடம் அப்படியே இருந்தது. இது விழுந்ததால் உடைந்ததல்ல. உடைந்ததால் விழுந்தது.

கூடம் கோணல்தான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அதுவும் லாலோவுக்குத் தெரிந்திருக்கிறது. சுரண்டிப் பார்த்து, தெரிந்துகொண்டு, நாடாவை ஒட்டி, டேங்கைத் திரும்ப மாட்டி, தார்ப்பாயால் மூடிவிட்டிருக்கிறான். பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"என்ன மாமா? இதுவும் அப்பா வேலதானா?"

பதில் சொல்லுமுன் தெருவில் ஹாரன் அடித்தது. லாலோவின் டிரக். ஷெட் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். வழக்கம்போல இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ இங்கயே இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

வண்டியைவிட்டு அவன் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. அவனை இவ்வளவு பக்கத்தில் பார்த்தே எத்தனை வருடம் ஆகிறது! அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். விரல்களில் பட்டித் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"பாத்துட்டியா?"

"எப்போ சுரண்டினே?"

"அவ ஆஸ்பத்திரிலேருந்து வந்த வாரம்."

"ஏன்டா சொல்லல?" என்றேன்.

லாலோ ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "ராத்திரி வலி தாங்காம உன்னத்தான் கூப்பிடுவா மச்சான், என்னயில்ல. நெட்டோ அண்ணன் வருமா, நெட்டோ அண்ணன் வருமான்னு. ஒரு காலு போயிடுச்சு. அண்ணனும் போவணுமா?"

மச்சான் என்று அவன் என்னைக் கூப்பிட்டதில் உடைந்துபோனேன். டிரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டேன். "நான் உன்ன எல்லார் முன்னாடியும்…"

"அதெல்லாம் பழகிப்போச்சு விடு." எரிச்சலாகத்தான் சொன்னான். "இப்ப போய் ஒராலியாகிட்ட அழுதுகிட்டு நிக்காத. உம் மனசு லேசாவும், அவ மனசு கெடும். புள்ளகிட்டயும் நான் வளைச்சதுன்னே சொல்லு. அந்த ஃப்ரேம அறுத்துப் போட்டுடு. புள்ள அதுல ஏறக் கூடாது, அதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

"சரி" என்றேன். அன்று வராந்தாவில் அவனுக்கு வாய்த்த மௌனம் இப்போது எனக்கு வாய்த்தது. ஆனால் என்னுடையதில் ஒரு பெருந்தன்மையும் இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்கிற மௌனம். திரும்பி நடந்தேன். பத்தொன்பது கிறிஸ்துமஸ்! என் வீட்டு அடுப்பில் தமாலே வெந்துகொண்டிருக்க, இந்த மனிதன் தெருவில் நின்றிருக்கிறான்.

பட்டறையில் டெல்ஃபீனா நூலின் ஒரு முனையைப் பிடித்தபடி கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. பாதி புரிந்திருக்கும்.

"டைனாவ எடு" என்றேன். "இது வேணாம். இத இன்னிக்கே ரெண்டா அறுத்துடுவேன்."

"அப்பா அவ்ளோ மோசமாவா பண்ணியிருக்காரு?"

சரி என்று லாலோவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் பழையபடியே நடக்கும். டிசம்பரில் டிரக் வாசலுக்கு வரும், நிற்கும், போகும்.

"இங்க வா" என்றேன். அவள் கட்டைவிரலைப் பிடித்து விரிசலின்மேல் வைத்தேன். அங்கிருந்து மேலே நகர்த்தினேன். இரும்பு, பட்டியின் விளிம்பு, பிறகு பெயின்ட்.

"இந்த நெறம் யாரோடது, சொல்லு."

அவள் விரலை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால், பட்டறைக் கதவுக்கு வெளியே பார்த்தாள். தெருவில் டிரக்கின் இன்ஜின் அணைந்தது.